தட்டில் விழுந்த வரி

வலியசாலையில் ஞாயிறு பகல். இசைத்தட்டு வெட்டும் பழைய மெஷினை நாகேஸ்வரன் ஓட்டினால் வீட்டில் மின்விசிறி சுற்றக்கூடாது. சின்னச் சத்தமும் தட்டில் பதிந்துவிடும், அழிக்க முடியாது. பக்கத்து வீட்டு கேபிள் டிவி சத்தம் நுழையாதிருக்கக் கதவையும் ஜன்னலையும் சாத்தியாயிற்று. மைக் முன்னால் அவர் மனைவி விஜயலக்ஷ்மி வேர்த்துக் கொட்டப் பாடுகிறாள். ஊசி வெட்ட வெட்டத் தட்டில் மெல்லிய வரி விழுகிறது, சீவல் கறுப்பு நூலாகச் சுருண்டு எழுகிறது. கதவிடுக்கில் ஒரு கீற்று வெயில். அதைப் பார்த்தபடியே பாட்டை நிறுத்துகிறாள். "கதவைத் திறங்கோ. நேக்கு மூச்சு முட்டறது." அவர் ஊசியைத் தூக்கவில்லை, உதட்டில் விரலை வைக்கிறார். தட்டு முடிகிறவரை இருவரும் அசையவில்லை. பிறகு பூதக்கண்ணாடியோடு குனிகிறார். முகம் மலர்கிறது. "நன்னா விழுந்திருக்கு, விஜி. நீ திறங்கோன்ன இடத்துல வரி எப்படி நெளியறது பாரேன்" என்று கண்ணாடியை அவளிடம் நீட்டுகிறார்.