நாலு மணி வெளிச்சம்

"வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே, தீதி. வெளிச்சம் எங்க போச்சு?" கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நிருபம் புலம்பினான்.

வட கொல்கத்தாவின் அந்தத் தெருவில் ஒரு வாரமாக நிற்கிறான். நாலு மணிக்கு டிராம் தண்டவாளத்தின் மேல் சாய்வாக ஒரு வெளிச்சம் விழும். அதற்குள் யாராவது சரியாக நடந்து வர வேண்டும். இன்றைக்குள் படம் போகாவிட்டால் கண்காட்சியில் அவன் இடம் இன்னொருவனுக்கு.

"சூரியனும் மத்தியானத் தூக்கம் போடுது போல, நம்ம பிஸ்வாஸ் பாபு மாதிரி," என்று சிரித்தாள், அவன் அக்கா முறை வைத்து 'தீதி' என்று கூப்பிடும் டீக்கடை லதிகா.

"நாலேகால் ஆச்சு. கிண்டல் பண்ணாதீங்க."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாடிகளுக்குப் பின்னால் இருக்கும் சூரியன் இந்தத் தெருவுக்குள் நேராக எட்டிப்பார்த்ததே இல்லை. அண்ணாந்து பார்த்தான். தினமும் திறந்திருக்கும் மூன்றாம் மாடி ஜன்னல் மூடிக் கிடந்தது. அதன் திறந்த கதவின் கண்ணாடியில் பட்டுத்தான் இத்தனை நாளும் வெயில் கீழே இறங்கியிருக்கிறது.

"அது யார் வீடு?"

"பிஸ்வாஸ் பாபு வீடுதான். தூங்கி எழுந்ததும் ஜன்னலத் திறந்து டீக்குக் குரல் கொடுப்பாரு. ஒண்டி ஆளு..." அவள் நிறுத்தினாள். "இன்னிக்குக் குரலே வரலியே, தம்பி."

கேமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு ஓடினான். உதைக்கு மேல் உதை வாங்கித்தான் கதவு திறந்தது. பிஸ்வாஸ் பாபு தரையில் கிடந்தார். மூச்சு இருந்தது.

ஜன்னலைத் தள்ளித் திறந்து கத்தினான். "தீதி, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

தண்டவாளத்தின் மேல் சாய்வாக வெளிச்சம் விழுந்தது. அதன் நடுவே அண்ணாந்தபடி லதிகா நின்றாள், கழுத்தில் அவன் கேமராவோடு.