மூடிய ஜாடி

வெளியே டிசம்பர் மழை கொட்டுகிறது. புதுச்சேரிப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில், நூரீனின் மேஜைமேல் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. ஒன்று திறந்தது, ஒன்று மூடியது, இரண்டுக்குள்ளும் வெப்பமானி; மூடியதுதான் சூடேறும் பூமி. "பூமி சூடாவுதா? எனக்குக் குளுருது பாப்பா," என்று மப்ளரை இழுத்துவிடுகிறார் சிறப்பு விருந்தினர். கூடமே சிரிக்கிறது. வீட்டில் பல்லைக் காட்டியறியாத அவளைப் பெற்ற அத்தா அப்துல் கஃபாரும் விருந்தினருக்காகச் சிரிக்கிறார். நூரீனின் காதுமடல் சிவக்கிறது. "சார், எங்க அத்தா இப்ப சிரிக்கறாரே, அது வானிலை. காலநிலை வேற. வருஷக்கணக்கா எங்க வீட்ல இருந்து பாத்தாத்தான் தெரியும்." சிரிப்பு நின்றுபோகிறது. அத்தாவின் முகம் பழையபடி இறுகுகிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே மூடிய ஜாடியைத் தூக்கி விருந்தினரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். "இப்ப இதுல எத்தன டிகிரின்னு படிங்க சார். சத்தமா."