ராய்ப்பூரைத் தேடி

ரஞ்சனி பறக்கவிட்ட ட்ரோன் பனைமரங்களைத் தாண்டி ஏறிப் புள்ளியாகிவிட்டது.

அவள் கையிலிருந்த திரையில் வெயில் அடித்து ஒன்றும் தெரியவில்லை. செங்கோடன் தோளில் கிடந்த துண்டை விரித்துப் பிடித்தார். அந்த நிழலுக்குள் இரண்டு தலைகளும் குனிந்தன.

"நாயி என்ன கலருங்க பெரியப்பா?"

"செவலை சாமி. வாலு நுனி மட்டும் வெள்ளையா இருக்கும்."

ரஞ்சனி திருச்செங்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். செங்கோடனின் மகள் கல்யாணத்தில் இதே ட்ரோனைப் பறக்கவிட்டவள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் தவிர வேறு யாரையும் தேடி அது பறந்ததில்லை.

ராய்ப்பூர் முந்தாநாள் சாயங்காலம் வீட்டைவிட்டுப் போனது.

வயசான நாய். சாகிற காலத்தில் இப்படித்தான் எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும் என்று மனைவி உண்ணாமலை சொன்னாள். அன்று ராத்திரி செங்கோடன் சாப்பிடவில்லை. மறுநாள் முழுக்கக் காடு மேடெல்லாம் நடந்தார். கிணறு கிணறாக எட்டிப் பார்த்தார். முழங்கால் வீங்கிய பிறகுதான் ரஞ்சனிக்குப் போன் போட்டார்.

திரையில் மரவள்ளிக் காடு போனது. கடலைக் காடு போனது. கோழிப்பண்ணைகளின் நீளநீளமான கூரைகள் வந்தன. கல் நட்டுப் பெயின்ட் அடித்த வீட்டுமனைகள் வந்தன.

செங்கோடன் போர் வண்டியில் பாதி ஆயுசைக் கழித்தவர். மாநிலம் மாநிலமாகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். மண் எங்கே முடியும், பாறை எங்கே தொடங்கும் என்று நிலத்துக்கு அடியில் இருப்பதையே யோசித்துப் பழகிய ஆள். மேலேயிருந்து பார்த்தால் இதே நிலம் இவ்வளவு சாதுவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

நாய் கிடைத்ததும் அந்த ஓட்டத்தில்தான்.

சத்தீஸ்கரில், ராய்ப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். போர் ஓடிக்கொண்டிருக்கும்போது, பீய்ச்சியடித்த சேற்றுக்குள் ஒரு குட்டி விழுந்து புரண்டு எழுந்து வந்தது. உடம்பெல்லாம் பாறைமாவு. வெள்ளை நாய் என்று நினைத்துக் கழுவினால் செவலையாக வந்தது. வண்டியில் இருந்த அத்தனை பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! அந்த ஊர்ப் பேரையே அதற்கு வைத்தார்கள்.

"பெரியப்பா, போர் வண்டியெல்லாம் நிக்குதுங்க."

கிழக்கே, சங்ககிரி ரோட்டோரம். மழைக்காலத்துக்கு ஊர் திரும்பிய வண்டிகளை நிறுத்தி வைக்கிற இடம். கம்பங்களை மடக்கிப் படுக்கப் போட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. சூடான கிரீஸ் வாசம் இங்கே வரைக்கும் வந்த மாதிரி இருந்தது செங்கோடனுக்கு.

கடைசி வண்டியின் நிழலில் செவலையாக ஏதோ அசைந்தது.

ரஞ்சனி ட்ரோனைக் கீழே இறக்கினாள்.

நாய்தான். பக்கத்தில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பன்னைப் பிய்த்து டீயில் முக்கி நீட்டினான். நாய் அவன் கையிலிருந்தே தின்றது. வெள்ளை வால்நுனி ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அந்த வால் ஆடிப் பல மாசம் ஆகிவிட்டது. பால்சோற்றைக்கூட வாய்க்கு நேராகப் பிடித்துக் கெஞ்ச வேண்டியிருந்தது.

ட்ரோன் சத்தம் கேட்டு அந்த ஆள் புருவத்தில் கையை வைத்து மேலே பார்த்தான்.

மாதேஷ்.

அவருடைய கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் போர் வண்டியை வாங்கினார்கள். ஒரே சட்டியில் ஆக்கித் தின்று, ஒரே லாரிக்கு அடியில் படுத்தவர்கள். ஏதோ ஒரு பேச்சு முற்றிக் கூட்டு உடைந்தது. என்ன பேச்சு என்றுகூட இப்போது சரியாக நினைவில்லை. அவன் ஆந்திரா பக்கம் வேறு வண்டிக்குப் போய்விட்டதாகத்தான் செங்கோடன் கேள்விப்பட்டிருந்தார்.

வண்டியை விற்று எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். நாயைப் பிரிக்க முடியவில்லை.

குட்டியைச் சேற்றிலிருந்து தூக்கியவன் மாதேஷ். பேர் வைத்தவன் மாதேஷ். அவன் வயிற்றின் மேல்தான் அது தூங்கும். ஆனாலும் சங்கிலியைக் கொண்டுவந்து செங்கோடன் கையில் கொடுத்தான்.

"கல்யாணங் காச்சி இல்லாதவன், எனக்கு ஏதுங்க ஊடு? உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க."

அதுவரைக்கும் வாடா போடா என்று பேசியவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக 'ங்க' போட்டான்.

திரையில் அவன் தாடி நரைத்திருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். வண்டிகளுக்குக் காவல் இருக்கிறான் போல. ஒரு கயிற்றுக்கட்டில், ஒரு குடம், கொடியில் ஒரு சட்டை. அந்த இடத்தில் வேறு மனுஷர் யாரும் இல்லை.

"இதானுங்களே பெரியப்பா? வாலு நுனி பாருங்க, வெள்ளை!" ரஞ்சனியின் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

செங்கோடன் பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டை இன்னும் தாழ்த்தித் திரையை ஒட்டிக் குனிந்தார்.

நாய் மாதேஷின் மடியில் தலையை வைத்தது.

"இல்ல சாமி. அது அந்தாளோட நாயி. நீ மேற்கால திருப்பு."

ரஞ்சனி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ட்ரோனை மேற்கே திருப்பினாள்.

மேற்கே வெறும் பொட்டல். வேலிக்காத்தான் முள்ளைத் தவிர ஒன்றும் இல்லை. செங்கோடன் அந்தப் பக்கமாக நாலு எட்டு நடந்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"ராய்ப்பூரு... டேய் ராய்ப்பூரு..."

நாயைத் தொலைத்தவர் கூப்பிடுகிற மாதிரியேதான் கூப்பிட்டார். கிழக்கே கேட்டுவிடாதபடி, குரலை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொண்டார்.