சிவப்பு மூடி

"வேண்டாம் மாப்பிள்ளை! என் கார் எஞ்சின் மேல கை வைக்காதீங்க!"

இடுப்பு பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்த மாமனார், கிடந்தபடியே அலறினார்.

"ஞாயித்துக்கிழமை தவறாம நீங்க துடைக்கிற எஞ்சின் மாமா. இந்த ஒரு வாரம் நான் துடைச்சு வைக்கிறேனே."

"அது பவுடர் கோட்டிங்! பொடியைத் தூவி அடுப்புல வேக வெச்ச பூச்சு. கண்டவங்க தொட்டா பாழாயிடும்!"

கண்டவங்க! மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது.

ஆறு வருஷமாக இதே பேச்சுதான். சொந்தபந்தம் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு மாமனார் ஆரம்பிப்பார். "என் எஞ்சின் மூடி செக்கச்செவேல்னு இருக்கும், முகம் பார்க்கலாம். நம்ம மாப்பிள்ளை வண்டி பானெட்டைத் திறந்தா மூக்கைப் பொத்திக்கணும்." எல்லாரும் சிரிப்பார்கள். அதிகமாகச் சிரிப்பது அவன் பெண்டாட்டிதான்.

இன்றைக்கு விடுவதாக இல்லை.

"எப்படித் துடைக்கணும்னு சொல்லுங்க மாமா, அப்படியே செய்யறேன்."

மாமனார் மூச்சு விடாமல் நிபந்தனை போட்டார்.

"ஒயரை எல்லாம் பிளாஸ்டிக் பை சுத்தி மூடணும்."

"மூடறேன்."

"கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் பக்கத்துலயே வரக் கூடாது. குழந்தைக்குப் போடற ஷாம்புதான் போடணும்."

"சரி."

"தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். முழங்கையை விட்டுப் பார்க்கணும்."

"குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரியா?"

"குழந்தைக்குச் சுட்டா அழும். பூச்சு அழாது, உரிஞ்சுடும்!"

இதைக் கேட்டாவது ஓடிவிடுவான் என்று மாமனார் நினைத்தார். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

அலமாரியில் ஷாம்பு இருந்தது. சீல் உடைக்காத புட்டி. அதன் காலாவதித் தேதி அவன் கல்யாணத் தேதிக்கும் முந்தியது. மென்மையான பிரஷ்ஷும் வாங்கின உறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தது.

கார், சமையலறை ஜன்னலுக்குக் கீழே நின்றது. பானெட்டைத் தூக்கினான். பகீரென்றது.

உள்ளே ஒரே கறுப்பு. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து விரற்கடை கனத்துக்கு அப்பிக்கிடந்தது. விதை தூவினால் முளைத்திருக்கும்.

ஷாம்புத் தண்ணீரை முழங்கையால் சோதித்து, தடவிக் கொடுப்பதுபோல் தேய்த்தான். ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். அழுக்கு கரைந்து வாளியில் குழம்பாகத் தேங்கியது. மூடியின் நிறம் மெல்ல எட்டிப் பார்த்தது.

பச்சை. நல்ல கிளிப்பச்சை.

அவனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. செக்கச்செவேலா? இந்த மனுஷன் ஒரு நாள்கூடத் துடைத்ததில்லை! கன்னத்தில் கறுப்பு தீற்றிக்கொண்டு வாராவாரம் வந்து நின்றதெல்லாம் வேஷம்!

ஆறு வருஷம்! இன்றைக்கு மாமனார் மானம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கப்பலேறப் போகிறது. மாப்பிள்ளை குதூகலமாகப் போனை எடுத்தான்.

"ஐயையோ! யார் அதைக் கழுவச் சொன்னா?"

ஜன்னலில் மாமியார் தலை. அடுத்த நிமிஷம் மூச்சு வாங்க வெளியே ஓடிவந்தாள்.

"அத்தை, இது பச்சை! மாமா துடைச்சதே இல்லை!"

"தெரியும். அழுக்கு எங்கே?"

"என்னது?"

"கழுவின அழுக்கு. கொட்டிட்டீங்களா?"

"வாளியில இருக்கு..."

"நல்ல வேளை. தண்ணியை வடிச்சுட்டு, ஷெட்டுல டப்பாவுல இருக்கிற பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து மறுபடியும் பூசுங்க. சீக்கிரம்!"

"எதுக்கு அத்தை?"

மாமியார் குரலைத் தாழ்த்தினாள். முகம் சிவந்துவிட்டது.

"எனக்குப் பாடப் பிடிக்கும் மாப்பிள்ளை. வீட்டுக்குள்ள ஆள் இருந்தா தொண்டை அடைச்சுக்கும். ஞாயித்துக்கிழமை இந்த ரெண்டு மணி நேரம்தான் எனக்கு. அவர் பானெட்டுக்குள்ள தலையை விட்டா உலகமே தெரியாது, என் பாட்டு எங்கே காதுல விழப் போவுது? குட்டு வெளிப்பட்டுடுச்சுன்னு தெரிஞ்சா ரோஷத்துல இந்தப் பக்கமே வர மாட்டார். அப்புறம் நான் எப்போ பாடறது?"

மாப்பிள்ளை போனைப் பார்த்தான். மாமியார் முகத்தைப் பார்த்தான். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வாளியை எடுத்தான்.

தேய்த்த பிரஷ்ஷாலேயே அழுக்கைத் திரும்ப அப்பினான். பக்கத்தில் நின்று மாமியார் பதறினாள்.

"அழுத்தாதீங்க, பூச்சு போயிடும்!"

கடைசிப் பச்சையும் மறைந்தபின், கையைத் துடைத்துக்கொண்டு மாமனாரின் அறைக்குப் போனான். அவர் வியர்த்துக் கிடந்தார்.

"கழுவிட்டீங்களா?"

"ஆச்சு மாமா. நீங்க சொன்ன மாதிரியே செக்கச்செவேல்னு பளபளக்குது."

 மாமனார் கட்டிலைத் தட்டி அவனை உட்காரச் சொன்னார்.

"அது பச்சை மாப்பிள்ளை."

"மாமா!"

"வண்டி வாங்கின அன்னிக்குப் பார்த்தேன். யாராவது கழுவிப் பார்த்தா 'சிவப்பு இல்லையே'ன்னு கேட்டு மாட்டிக்குவாங்க, எனக்குத் தெரிஞ்சுடும்னுதான் சிவப்புன்னு சொல்லி வெச்சேன். நீங்க பார்த்துட்டும் என்னைக் காட்டிக்கொடுக்கலை."

"அப்போ ரெண்டு மணி நேரம் அங்கே என்னதான் மாமா பண்றீங்க?"

மாமனார் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள நான் இருந்தா உங்க அத்தை வாயே திறக்க மாட்டா. அவ பாடறது நல்லாக் கேக்கற இடம் அந்த பானெட்டுக்கு அடியிலதான்."