கசப்புக் கொட்டையும் நின்றுபோன கடிகாரமும்

கசப்புக் கொட்டையை மூன்று நாள் ஓடையில் ஊறவைத்து இனிப்பாக்கும் வழியை அணில் கண்டுபிடித்தது. காப்புரிமை ஆபீசர் ஆமையோ, "இதில் இயந்திரம் எங்கே? வெறும் யோசனைக்கெல்லாம் உரிமை கிடையாது" என்று விரட்டிவிட்டது.

மறுநாள் நரி அதே வழியை எழுதிக்கொண்டு, ஒரு பழைய கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தது. "இதோ, இயந்திரம் இருக்கிறதே!" என்று ஆமை முத்திரை குத்தியது.

கடிகாரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவிகளா! கொட்டையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் நின்றுபோயே மூன்று வருஷம் ஆகிறது. என்னைக் காட்டியா அணிலின் உழைப்பைப் பிடுங்குகிறீர்கள்?"

ஆமை நிமிர்ந்து கடிகாரத்தின் முகத்தைப் பார்த்தது.

"மணி ஐந்தேகால். ஆபீஸ் ஐந்துக்கே மூடியாச்சு. ஆட்சேபணையை நாளைக்கு வந்து சொல்லு."

கடிகாரம் எவ்வளவு முக்கியும் முள் நகரவில்லை. நாளைக்கும் ஐந்தேகால்தான்.