புதன்கிழமைக் குரல்

கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தை நிரப்பாமலே ஸ்தாமென் பேனாவை மூடி வைத்தார்.

"இதுக்கு மேல மறைக்க முடியாதும்மா. உன்னை நான் ஏமாத்திட்டேன்."

எதிரே உட்கார்ந்திருந்த ரலிட்சா நிமிர்ந்து பார்த்தாள். உடல்நல உளவியல் முதுகலையில் அவளுக்கு மிச்சமிருப்பது இந்த ஆய்வு ஒன்றுதான். இந்த மாதம் கொடுத்தால் பட்டம். இல்லையென்றால் இன்னொரு வருடம்.

மாரடைப்பு வந்து பிழைத்து பிளவ்திவ் நகரத்தில் வீடு திரும்பிய நாற்பது பேர். பாதிப் பேரிடம் பன்னிரண்டு வாரம், புதன்கிழமைதோறும் அவள் போனில் பேசுவாள். நடந்தீர்களா, தூங்கினீர்களா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். மற்றவர்களுக்கு முதலில் ஒரு கேள்வித்தாள், கடைசியில் ஒன்று, அவ்வளவுதான். யாருக்கு எது என்பது குலுக்கல். போன் உதவுகிறதா என்று இரு பாதியையும் ஒப்பிடுவதுதான் ஆய்வு.

ஸ்தாமெனுக்குக் கேள்வித்தாள் மட்டும்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம். இவள் வருகிறாள் என்று இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்துக் கட்டில், இலியேவ். அவனுக்கு நீ பேசுவேல்ல? புதன்கிழமையானா நானும் அவன் வீட்டுக்குப் போயிடுவேன். ஸ்பீக்கர்ல போடச் சொல்லி உக்காந்து கேப்பேன். வாயே தொறக்கல. ஒரே ஒரு தடவ இருமிட்டேன்."

அந்த இருமல் அவளுக்கு நினைவிருந்தது. டிவி என்று சொன்னார் இலியேவ். பன்னிரண்டு வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியமே அதுதான்.

"நீ நடக்கச் சொன்னே, நடந்தேன். உப்பக் கொறைக்கச் சொன்னே, கொறைச்சேன். அந்தக் கழுதை இன்னும் உப்புக்கண்டம் தின்னுட்டுத்தான் இருக்கு." சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "குலுக்கல்ல வராததுக்கு நான் ஆசப்பட்டிருக்கக் கூடாது. உன் படிப்புக்கு ஏதும் ஆயிடுமா?"

ஆகாது என்று தலையைக் குனிந்தபடியே சொன்னாள். காது மடல் வரை சுட்டது.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. விதி மீறப்பட்டதா, மீறியவர் யார். அவள் அதைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டப் போனாள். ஸ்தாமென் விரலால் தொட்டுக் காட்டினார்.

"எம் பேரப் போடும்மா. என்னால உனக்குக் கெட்ட பேரு வேணாம்."

பேர் போடக் கூடாது. பங்கேற்பாளர் எண் பதினேழு என்று எழுதினாள். எழுத்து கோணாமல் விழுந்தது. அதுவே அவமானமாக இருந்தது.

மனப்பாரம் இறங்கியவராக அவர் பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். அவள் மென்றாள்.

குலுக்கல் உறைகளைப் பிரித்த அன்றைக்குப் பதினேழாம் எண்ணின் உறைக்குள் 'போன்' என்றுதான் இருந்தது. இலியேவின் உறைதான் வெறும் கேள்வித்தாள்.

முதல் சந்திப்பிலேயே மூன்று மணி நேரம் மனைவியைப் பற்றிப் பேசிய மனிதரிடம் பன்னிரண்டு புதன்கிழமை யார் மாட்டிக்கொள்வது என்று, அவள்தான் இரண்டு சீட்டையும் மாற்றிப் போட்டாள்.