சந்துப் பக்கம்

மறுபடியும் மூன்று தட்டு.

அவள் பாலை இறக்கி வைத்துவிட்டு அசையாமல் நின்றாள். காலை ஆறு மணி. சத்தம் கொல்லைச் சுவரிலிருந்து வந்தது.

அந்தச் சுவரின் அடியில் ஒரு திறப்பு. அதை மூடி ஓர் இரும்புத் தகடு.

இப்போது அங்கே வாஷிங் மெஷின் நிற்கிறது. அவள் சிறுமியாக இருந்தபோது அது எடுப்புக் கக்கூஸ். தினமும் ஆறு மணிக்கு ஒருத்தி சந்துப் பக்கம் வந்து மூன்று முறை தட்டுவாள். வீட்டார் உள்ளிருந்து சங்கிலியை இழுத்துத் தகட்டைத் தூக்கிப் பிடிப்பார்கள். இரண்டு கைகள் நுழையும். மல வாளியை எடுத்துக்கொண்டு போகும்.

கைகள் மட்டும்தான். முகத்தை யாரும் பார்த்ததில்லை. பெயரைக் கேட்டதில்லை.

பத்து வயதில் ஒருநாள் சங்கிலி அவள் கையில் இருந்தது. விளையாட்டாகத் தளர்த்தினாள்.

“பாப்பா... கை இருக்கு.”

அவள் சிரித்தாள். சங்கிலியை விட்டுவிட்டாள்.

“தகடு காத்துல விழுந்துடுச்சும்மா.”

அம்மா நம்பினாள். தெருவே நம்பியது. மறுநாள் வேறு இரண்டு கைகள் வந்தன.

ஐம்பத்திரண்டு வருடங்களாகப் பழி காற்றின் மேல்.

இன்று அந்தத் திறப்பை அடைத்துவிடப் போகிறார்கள். அடைத்துப் பூசிவிட்டால் தட்டுவதற்கு இடமிருக்காது. பதில் சொல்வதற்கும்.

எட்டு மணிக்குச் சூசைக் கொத்தனார் சந்தில் கலவை போட ஆரம்பித்தார். அவள் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டிலேயே பிறந்தவள். சந்தில் கால் வைத்தது இன்றுதான்.

“பூனை வந்து போறதுக்கா இத்தனை வருசம் விட்டு வச்சிருந்தீங்க?” சூசை சிரித்தார்.

“காத்து இல்ல.”

“என்னம்மா?”

“நான்தான் விட்டேன். அந்தம்மா கை உள்ள இருக்கும்போது.”

சூசையின் கரண்டி நின்றது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இடது கையால் தகட்டைத் தூக்கினாள். நல்ல கனம். வலது கையை உள்ளே விட்டாள்.

சட்டென்று கனம் போயிற்று.

உள்ளே சங்கிலி குலுங்கியது. அதைக் கழற்றி எறிந்து நாற்பது வருடமாகிறது.

“வீட்ல வேற யாருமில்லன்னீங்க.” சூசையின் குரல் தணிந்துவிட்டது. “யாரோ சின்னப் புள்ள சிரிக்குதே.”

அவளுக்குத் தெரிந்த சிரிப்பு.

இடது கையை மெல்ல விலக்கிக்கொண்டாள். தகடு அப்படியே அந்தரத்தில் நின்றது.

“கைய எடுங்கம்மா!”

அவள் எடுக்கவில்லை. இருட்டுக்குள் குனிந்தாள்.

“பாப்பா,” என்றாள். “கை இருக்கு.”